கணக்குத் தலைப்பு இல்லாத வண்டி: வடபழனியிலிருந்து மிதிவண்டி நிதியைப் பார்த்தல்

சந்திப்பும் பொறுப்பும்

வடபழனி சந்திப்பில் ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. இரண்டும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளவை. ஆற்காடு சாலை, கோடம்பாக்கம்–ஸ்ரீபெரும்புதூர் மாநில நெடுஞ்சாலை 113இன் தொடக்கப் பகுதி. நூறடிச் சாலை என்று ஊரே அழைக்கும் ஜவாஹர்லால் நேரு சாலை, உள்வட்டச் சாலையாக மாநில நெடுஞ்சாலை 2இல் வருகிறது. நூறடிச் சாலைக்கு மேலே ஓடுவது மெட்ரோ ரயில் நிறுவனத்தின் பாதை. கோயம்பேடு–ஆலந்தூர் தடத்தில் 2015 ஜூனில் ரயில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நான்காம் வழித்தடம் ஆற்காடு சாலை வழியே வருகிறது. முருகன் கோயிலைச் சுற்றியும் சாலிகிராமம் பக்கமும் பிரியும் உட்புறத் தெருக்கள் மட்டுமே பெருநகர சென்னை மாநகராட்சியின் கோடம்பாக்கம் மண்டலத்தைச் சேர்ந்தவை.

சாலிகிராமத்திலிருந்து மெட்ரோ நிலையத்துக்கு மிதிவண்டியில் வருபவருக்கு அது பத்து நிமிடப் பயணம்கூட இல்லை. அதற்குள் அவர் மாநகராட்சியின் தெருவில் புறப்பட்டு, நெடுஞ்சாலைத் துறையின் சாலையைக் கடந்து, மெட்ரோ நிறுவனத்தின் வாசலில் இறங்குகிறார். மூன்று அலுவலகங்கள், மூன்று நிதிநிலைக் கணக்குகள். பணம் நெருக்கடியாக இருக்கும் நகரம் மிதிவண்டிக்கும் சிறு மின்வண்டிகளுக்கும் எங்கிருந்து நிதி தேடும் என்று கேட்டால், பணமே இல்லை என்பதுதான் வழக்கமாக வரும் பதில். சென்னையின் பத்தாண்டு அனுபவத்தை வைத்து அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பணத்தின் அளவைவிட அது எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது, யார் கையில் இருக்கிறது, கட்டி முடித்த மறுநாள் யார் செலவழிக்கிறார்கள் என்பவையே பெரிய தடைகள் என்று இது வாதிடுகிறது.

2014இன் தீர்மானம்

சென்னைக்கு நல்ல கொள்கை இல்லாமல் இல்லை. மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை மாநகராட்சி 2014ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் இது முன்னோடி முயற்சி. போக்குவரத்துக் கொள்கைகளுக்கான ஐ.டி.டி.பி. அமைப்பு இதற்குத் துணைநின்றது. மாநகராட்சியின் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி. 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை, நடை–மிதிவண்டிப் பயணங்களின் பங்கை 40 சதவீதத்துக்கு மேல் உயர்த்துதல், இவ்விரு தரப்பினரின் விபத்து மரணங்களை இல்லாமல் செய்தல் ஆகியவை இலக்குகள்.

இந்த இலக்குகள் கற்பனையில் முளைத்தவை என்று சொல்வதற்கில்லை. 2008ஆம் ஆண்டின் சென்னை விரிவான போக்குவரத்து ஆய்வின்படி, பயணங்களில் சுமார் 28 சதவீதம் நடையாகவும் 6 சதவீதம் மிதிவண்டியாகவும் இருந்தன. நகரின் பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே எரிபொருள் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அந்த 6 சதவீதத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை வடபழனியில் காலை ஆறு மணிக்குப் பார்க்கலாம்: பால் பாக்கெட்டும் நாளிதழும் போடுபவர்கள், இரவுக் காவல் முடித்துத் திரும்பும் வாட்ச்மேன்கள், தேநீர் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருபவர், கட்டட வேலைக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளர்கள். உடற்பயிற்சிக்காகக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்துப் பேசும்போது இவர்கள் பார்வையிலிருந்து மறைந்துபோகிறார்கள்.

60 சதவீத விதி ஏன் தெருவுக்கு வரவில்லை? அரசியல் விருப்பம் போதவில்லை என்பது ஒரு விளக்கம். அதில் உண்மை உண்டு; ஆனால் முழு விளக்கம் ஆகாது. நிதிநிலை அறிக்கை என்பது தலைப்புகளின் தொகுப்பு. பேருந்து வழித்தடச் சாலை, உட்புறச் சாலை, பாலம், மழைநீர் வடிகால், தெருவிளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பும் அதை மேய்க்கும் பொறியாளர் பிரிவும் இருக்கின்றன. மிதிவண்டிக்கென்று அப்படி ஒன்று இல்லாதபோது 60 சதவீதம் எதில் 60 சதவீதம் என்று தணிக்கையாளர் கேட்க வழியில்லை. இலக்கு தவறினால் யார் பதில் சொல்வது என்பதும் எழுதப்படவில்லை. மேலும், மாநகராட்சியின் தீர்மானம் மாநகராட்சியின் சாலைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் அதன் கைக்கு வெளியே. மிதிவண்டிக்காரருக்கு மிக ஆபத்தான சாலைகள் எவையோ அவற்றை அந்தக் கொள்கை எட்டவே இல்லை.

திட்டப் பணத்தின் இயல்பு

மத்திய அரசின் பொலிவுறு நகரங்கள் திட்டம் 2015 ஜூனில் தொடங்கியது. 2016 ஜனவரியில் முதல் இருபது நகரங்களின் பட்டியலில் சென்னை இடம்பெற்றது. தியாகராய நகர் மேம்பாட்டுப் பகுதியானது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அதன் கண்கூடான விளைவு. சுமார் 40 கோடி ரூபாய் செலவானது. அகன்ற நடைபாதையில் குடும்பங்கள் உலவுவதையும் முதியவர்கள் இருக்கைகளில் அமர்ந்திருப்பதையும் பார்க்கிற எவரும் அதை வீண் செலவென்று சொல்லமாட்டார்கள்.

அதே வட்டாரத்தில் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் ஒன்றும் கட்டப்பட்டது. அதற்கும் ஏறத்தாழ அதே 40 கோடிதான். அதில் நிற்கக்கூடியவை 222 கார்களும் 513 இரு சக்கர வாகனங்களும். ஆயிரக்கணக்கானோர் தினமும் நடக்கும் சாலைக்கும் சில நூறு வண்டிகள் நிற்கும் கட்டடத்துக்கும் நகரம் ஒரே தொகையைச் செலவிட்டிருக்கிறது. இரண்டுக்கும் பணம் கிடைத்தது. ஆகவே பணமே இல்லை என்ற வாதம் இங்கேயே பாதி விழுந்துவிடுகிறது.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழக அரசு 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரித்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தில், 2022இல் மட்டும் சுமார் 6.35 லட்சம் வண்டிகளுக்கு ஒதுக்கப்பட்ட தொகை 323 கோடி ரூபாய். உலகிலேயே மிதிவண்டிக்காக ஆண்டுதோறும் இவ்வளவு செலவழிக்கும் மாநில அரசுகள் அரிது. பெண்பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியை எட்டுவதற்கு இது செய்த உதவி பெரிது. ஆனால் அது பள்ளிக் கல்வி சார்ந்த செலவு. வண்டி மாணவர் நலத்திட்டக் கணக்கில் வருகிறது, சாலை நெடுஞ்சாலைக் கணக்கில் வருகிறது. இரண்டும் சந்திக்கும் தலைப்பு இல்லை. சென்னையில் அந்த வண்டியை வாங்கிய பிள்ளையை ஆற்காடு சாலையில் ஓட்டிப் போகப் பெற்றோர் அனுமதிப்பதில்லை. வண்டி வீட்டு வாசலில் துருவேறுகிறது, அல்லது அண்ணன் வேலைக்குப் போக உதவுகிறது. அம்பத்தூரில் 1949 முதல் மிதிவண்டித் தொழில் வளர்ந்த நகரத்தில் இந்த நிலை உறுத்தலானது.

திட்டப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு: அது மூலதனச் செலவுக்கு வரும், திறப்பு விழாவோடு முடியும். பெயர்ந்த கல்லை மாற்றவும் சாய்ந்த தடுப்புக் கம்பத்தை நிமிர்த்தவும் அது வராது. புனே நகரம் தேசிய நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டக் காலத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதிவண்டித் தடம் போட்டது. பராமரிப்புக்குத் தனி வழி இல்லாததால் பல தடங்கள் கடைகளாகவும் வாகன நிறுத்தங்களாகவும் மாறின, துண்டு துண்டாகப் போயின. இந்திய நகரங்கள் இதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம், கட்டும் பணத்தோடு காக்கும் பணத்தையும் ஒரே கோப்பில் ஒப்புதல் பெற வேண்டும் என்பது.

விளம்பரம் ஓட்டிய சக்கரம்

செலவில்லாமல் மிதிவண்டிச் சேவை தரலாம் என்ற நம்பிக்கைக்குப் பாரிஸ் நகரம்தான் பெரிய ஊக்கம் கொடுத்தது. 2007இல் அங்கே தொடங்கிய வெலிப் திட்டத்தில், நகரின் 1,628 விளம்பரப் பலகைகளின் உரிமைக்கு ஈடாக விளம்பர நிறுவனம் ஒன்று ஆயிரக்கணக்கான வண்டிகளை இயக்கியது. நகரம் நேரடியாகப் பணம் கொடுக்கவில்லை என்று தோன்றினாலும், பலகைகளால் வந்திருக்கக்கூடிய வருமானத்தை விட்டுக்கொடுத்தது என்பதே கணக்கு. வண்டிகள் திருட்டுப் போனபோதும் உடைக்கப்பட்டபோதும் அந்தச் சுமையில் ஒரு பகுதியையும் நகரமே ஏற்க வேண்டி வந்தது. 2018இல் புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது விளம்பரத்தையும் மிதிவண்டியையும் பாரிஸ் பிரித்துவிட்டது.

சென்னையில் 2019 பிப்ரவரியில் பொலிவுறு நகர நிறுவனத்தின் வழியே பகிர்வு மிதிவண்டிகள் வந்தன. முதல் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். சில நூறு வண்டிகளில் தொடங்கி 5,000 வரை விரிப்பது திட்டம். வாடகையும் விளம்பரமும் செலவை ஈடுகட்டும் என்பது எதிர்பார்ப்பு. தொடங்கிய ஓராண்டில் பெருந்தொற்று வந்தது, வேகம் குறைந்தது, திட்டமிட்ட அளவை அது எட்டவில்லை. பெருந்தொற்றை மட்டும் குறைசொல்வது எளிது. ஆனால் விளம்பரதாரர் பார்வை படும் இடத்தில் நிலையம் வைக்க விரும்புவார். பயணிக்கோ மெட்ரோ நிலையத்திலிருந்து உள்தெருவுக்குப் போகும் இடத்தில் வண்டி வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் எப்போதாவதுதான் ஒன்றாகும். பாதுகாப்பான தடம் இல்லாத சாலையில் ஐந்து ரூபாய் வாடகையும் அதிகம்தான்.

மைசூரு வேறு வழியில் போனது. 2017 ஜூனில் தொடங்கிய ட்ரின் ட்ரின் சேவைக்கு 450 வண்டிகளும் 48 நிலையங்களும் இருந்தன. உலகச் சுற்றுச்சூழல் நிதியம், கர்நாடக அரசின் நகர்ப்புறத் தரைப்போக்குவரத்து இயக்ககம், மாநகராட்சி ஆகியவை சேர்ந்து சுமார் 20 கோடி ரூபாய்த் திட்டமாக அதை உருவாக்கின. பொதுப்பணம் பொதுச்சேவைக்கு என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது அதன் பலம். பேருந்து லாபம் தர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பகிர்வு மிதிவண்டி மட்டும் தன் காலிலேயே நிற்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

ஏற்கெனவே செலவாகும் பணம்

சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் சுமார் 387 கிலோமீட்டர் பேருந்து வழித்தடச் சாலைகளும் 5,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உட்புறச் சாலைகளும் உள்ளன. ஒவ்வோராண்டும் இவற்றில் ஒரு பகுதி சுரண்டி மறுபடி போடப்படுகிறது. குடிநீர்க் குழாய், புதைசாக்கடை, மின்கம்பி, மழைநீர் வடிகால் என்று வெட்டிய சாலைகளைச் சீரமைக்கவும் பணம் வருகிறது. வெட்டும் துறை கட்டும் சீரமைப்புக் கட்டணம் அதில் ஒன்று. சிங்காரச் சென்னை 2.0, நகர்ப்புறச் சாலை மேம்பாட்டுத் திட்டங்கள் என்று மாநில நிதியும் சேர்கிறது. 2025–26இல் மாநகராட்சியின் மொத்தச் செலவு மதிப்பீடு சுமார் 5,200 கோடி ரூபாய்.

குறைந்த பணமுள்ள நகரத்துக்கு இதைவிடப் பெரிய மிதிவண்டி நிதி வேறில்லை. ஒரு தெருவுக்குப் புதிதாகத் தார் போடும்போது கோடுகள் மறுபடி வரையப்படும், மூடிகள் மட்டம் உயர்த்தப்படும், வேகத்தடை மறுபடி கட்டப்படும். அந்த நேரத்தில் கோட்டை வேறு இடத்தில் வரைவதற்கும், சந்திப்பின் முனையைச் சற்று இறுக்கி வண்டிகளின் வேகத்தைக் குறைப்பதற்கும், மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடைகளைச் சக்கரம் சிக்காத திசையில் பதிப்பதற்கும் ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது. பிறகு தனித் திட்டமாகச் செய்தால் அதே வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி, தோண்டல், போக்குவரத்து மாற்றம் எல்லாம் புதிதாக வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் மிதிவண்டித் தட வடிவமைப்புக்கான தன் நெறிமுறையை (ஐ.ஆர்.சி. 11) 2015இல் புதுப்பித்தது. பொறியாளர் மேசையில் அந்த நூல் இருக்கிறது. அதைச் சாலை மதிப்பீட்டின் மாதிரிப் படிவத்தில் ஒரு வரியாக்குவதுதான் மிச்சம்.

மிதிவண்டிக்கு உதவக்கூடிய காற்றுத் தூய்மை நிதியும் இருக்கிறது. தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019இல் தொடங்கியது. பதினைந்தாவது நிதிக்குழு பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குக் காற்றுத் தரத்துக்கென்று தனி மானியம் தந்தது. சென்னையும் அதில் உண்டு. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் செய்த மதிப்பீட்டின்படி நாடு முழுவதும் செலவான தொகையில் 64 சதவீதம் சாலைத் தூசியைக் கட்டுப்படுத்தப் போயிருக்கிறது. வாகனப் புகையைக் குறைக்க வந்தது சுமார் 13 சதவீதம்தான். தூசி கூட்டும் இயந்திரம் வாங்குவது சுலபம்: விலைப்பட்டியல் உண்டு, ஒரு மாதத்தில் வந்துசேரும், புகைப்படம் எடுக்கலாம். தெருவை மாற்றுவதற்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

வாகன நிறுத்தக் கட்டணத்தைப் பற்றி இன்னும் நிதானமாகப் பேச வேண்டும். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் பொதுநிலம் தேவை. வடபழனியிலோ தியாகராய நகரிலோ அந்த நிலத்தின் வாடகை என்ன என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். சாலையோரத்தில் அதைச் சும்மாவோ சொற்பக் கட்டணத்திலோ விடுவது நகரம் தரும் மானியம். யாருக்கு என்பதுதான் கேள்வி. வாகன வரி மாநில அரசுக்குப் போகிறது. உட்புறச் சாலையைப் பழுதுபார்ப்பது மாநகராட்சி, அதாவது சொத்துவரி கட்டுபவர்கள். காரே இல்லாத வீட்டுக்காரரும் அதில் பங்கு போடுகிறார். ஒரு காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் மிதிவண்டிக்கே உரிமக் கட்டணம் வாங்கித் தகட்டு வில்லை கொடுத்தன என்பதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ஓரமாகப் போகிறவரிடம் வாங்கிய ஊரால், ஓரத்தை அடைத்து நிற்பவரிடம் வாங்க முடியாதா?

நிறுத்தக் கட்டணத்தை உயர்த்தினால் ஏழைச் சிறுவணிகருக்குச் சுமை என்ற எதிர்வாதம் வரும். இரு சக்கர வண்டியில் சரக்கு கொண்டுவருபவருக்குச் சலுகை வைக்கலாம். நாள் முழுதும் ஒரே இடத்தில் நிற்கும் காருக்கு அந்தச் சலுகை தேவையில்லை. கட்டணம் எந்த வட்டாரத்தில் வசூலாகிறதோ அந்த வட்டாரத் தெருக்களுக்கே அதில் ஒரு பகுதி திரும்பும் என்று எழுதிவைத்தால் கடைக்காரர்களின் எதிர்ப்பும் தணியும். பொதுக்கணக்கில் கலந்துபோகும் பணத்துக்கு யாரும் ஆதரவு தருவதில்லை.

கடன்பத்திரம் எனும் வழியும் பேசப்படுகிறது. மதுரை மாநகராட்சி 2001இல் உள்வட்டச் சாலைக்காகப் பத்திரம் வெளியிட்டது. சுங்கக் கட்டணம் அதற்குப் பின்னால் நின்றது. மிதிவண்டித் தடத்தில் சுங்கம் வாங்க முடியாது, ஆகவே பத்திரம் பொருந்தாது என்பார்கள். ஆனால் சென்னை மாநகராட்சி 2025இல் சுமார் 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது மழைநீர் வடிகால் பணிக்காக. வடிகாலும் கட்டணம் ஈட்டும் சொத்து இல்லை. தேவை என்று நகரம் முடிவுசெய்த பிறகு வருவாய் தராத சொத்துக்கும் கடன் வாங்கலாம் என்பதற்கு அது சான்று. எனினும் தெருக்கோடு வரையக் கடன் வாங்குவது மிகை; பெரிய சந்திப்புகளை மாற்றிக் கட்டவே அது பொருத்தம்.

துண்டுகளா, வலையா?

சாலை போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது என்ற இந்த வழிக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்பெயினின் செவில் நகரம் 2006க்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் சுமார் 80 கிலோமீட்டர் தடுப்புள்ள தடத்தை ஒரே வீச்சில் கட்டியது. செலவு சுமார் 3.2 கோடி யூரோ. பெரும்பாலும் கார் நிறுத்திய இடங்களே தடமாயின. சில ஆண்டுகளில் மிதிவண்டிப் பயணங்கள் பத்து மடங்குக்கு மேல் பெருகின. அங்குள்ள திட்டமிடுவோர் வலியுறுத்துவது இதுதான்: முழு வலையாக இருந்தால்தான் மக்கள் வருவார்கள், நூறு மீட்டர் தடம் எவருக்கும் பயன்படாது, பயன்படாததைக் காட்டியே அடுத்த முறை நிதி மறுக்கப்படும்.

பெங்களூருவின் அனுபவம் இதை ஒரு பக்கம் உறுதிசெய்கிறது, இன்னொரு பக்கம் எச்சரிக்கிறது. 2020இல் வெளிவட்டச் சாலையில் நெகிழிக் கம்பங்கள் நட்டுக் குறைந்த செலவில் தற்காலிகத் தடம் போட்டார்கள். நீளம் இருந்தது, தொடர்ச்சியும் இருந்தது. ஆனால் கம்பங்கள் உடைந்தன, மோட்டார் வண்டிகள் நுழைந்தன. மெட்ரோ பணி தொடங்கியபோது தடம் கரைந்தது. மலிவாகப் போட்டதை மலிவாகவே காக்க முடியும் என்று நினைத்தது பிழை.

சென்னைக்கு இரண்டையும் கலந்த வழியே பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆற்காடு சாலை போன்ற பெருஞ்சாலைகளில் துண்டுத் துண்டான தடத்தால் பயனில்லை. அங்கே முழு நீளத்துக்கும் ஒரே முடிவு வேண்டும். உட்புறத் தெருக்களிலோ தனித் தடமே தேவைப்படாது. சாலிகிராமம், விருகம்பாக்கம், கே.கே. நகர், அசோக் நகர் ஆகிய பகுதிகளின் உள்தெருக்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று இணைந்த வலை. அவற்றில் வேகத்தைக் குறைத்து, குறுக்குவழியாகப் பாய்ந்துவரும் கார்களைத் தடுத்து, பெருஞ்சாலையைக் கடக்கும் நான்கைந்து இடங்களைப் பாதுகாப்பாக்கினால் போதும். கே.கே. நகரும் அசோக் நகரும் கட்டம்போட்டு அமைக்கப்பட்ட பகுதிகள். இந்த வேலைக்கு அவற்றைவிட ஏற்ற இடம் நகரில் குறைவு. செலவு குவியவேண்டியது கடக்கும் இடங்களில். உணவு கொண்டுபோகும் இளைஞர்கள் ஓட்டும், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, பதிவு தேவைப்படாத சிறு மின்வண்டிகளுக்கும் இதே வலை உதவும்.

ஆற்காடு சாலையைத் திருப்பித் தரும்போது

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 63,246 கோடி ரூபாய், நீளம் 118.9 கிலோமீட்டர். பன்னாட்டு வங்கிகளின் கடனும் இதில் உண்டு. 2017ஆம் ஆண்டின் தேசிய மெட்ரோ ரயில் கொள்கை, நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை இணைப்பு வசதிகளைத் திட்ட அறிக்கையிலேயே சேர்க்கச் சொல்கிறது. ஐந்து கிலோமீட்டர் என்பது நடைக்கு நீளம், மிதிவண்டிக்குக் கைக்கு எட்டும் தூரம். தூண்கள் எழும்பிய பிறகு சாலையை மறுபடி அமைத்து நெடுஞ்சாலைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சீரமைப்புப் பணம் எப்படியும் செலவாகப் போகிறது. பழைய அளவிலேயே சாலையைத் திருப்பித் தருவதா, தூணுக்கு இருபுறமும் மிதிவண்டிக்கு இடம் விட்டுத் தருவதா என்பது வரைபடம் ஒப்புதலாகும் நாளில் முடிவாகிவிடும். ஒருமுறை வரைபடம் முடிவாகிவிட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மூன்று அலுவலகங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரும் சட்ட அமைப்பு சென்னைக்கு இருக்கிறது. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் வந்தது. குழுமத்தின் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்துக்குப் பிறகு கிடைத்த இந்த மேசையில் வைக்கவேண்டிய கோரிக்கைகள் பெரிய தொகை கேட்பவை அல்ல. மெட்ரோ சாலைச் சீரமைப்பு வரைபடத்துக்குக் குழுமத்தின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் தத்தம் சாலை மதிப்பீடுகளில் மிதிவண்டிக்கான செலவைத் தனித் தலைப்பில் காட்ட வேண்டும், அப்போதுதான் 2014இன் 60 சதவீதத்தைத் தணிக்கை செய்ய முடியும். நிறுத்தக் கட்டணத்தில் குறிப்பிட்ட பங்கு மண்டல அலுவலகத்தின் பராமரிப்புக் கணக்குக்கு ஆண்டுதோறும் வர வேண்டும். கோடு அழிந்தால், கம்பம் சாய்ந்தால், தடத்தில் மணல் குவிந்தால் வார்டு உதவிப் பொறியாளர் தலைமை அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு எழுதாமல் அந்த வாரமே ஆள் அனுப்பிச் சரிசெய்யும் அளவுக்கு அந்தத் தொகை இருந்தால் போதும்.